சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம், கொல்கத்தா: ஒரு ரிட்டயர்டு சர்வேயரின் மதிப்புரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று கொசுவுக்காக.

மகனுக்குக் கொல்கத்தாவில் வேலை, நியூ டவுனில் வீடு. பேரனைப் பார்க்கலாம் என்று பிப்ரவரியில் ஒரு மாதம் போய் இருந்தோம். விக்டோரியா மெமோரியல், காளிகாட், தட்சிணேசுவரம், ஹௌரா பாலம் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டன. “இன்னும் என்னப்பா பாக்கணும்?” என்று மகன் கேட்டான். கல்லறை பார்க்க வேண்டும் என்றேன். மருமகள் டிவி சத்தத்தைக் குறைத்தாள். என் மனைவி, “ஏங்க, ஊர் விட்டு ஊர் வந்து சுடுகாட்டுக்கா போவாங்க?” என்று கேட்டாள்.

எனக்குக் காரணம் இருந்தது. நில அளவைத் துறையில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். நில அளவராகச் சேர்ந்து சார் ஆய்வாளராக ஓய்வு பெற்றேன். சங்கிலியும் குறுக்குக் கோலும் பிடித்து வயல் வரப்பில் நடக்கத் தொடங்கி, டோட்டல் ஸ்டேஷன் என்கிற மின்னணு அளவைக் கருவி வந்த காலம் வரைக்கும் பார்த்தாகிவிட்டது. பயிற்சிக் காலத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் இரண்டு பெயர்களை அடிக்கடி சொல்வார். ஒன்று லாம்டன், 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு, அதாவது கணக்குக்கு ஆதாரமான முதல் கோடு, அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளக்கத் தொடங்கியவர். இன்னொன்று காலின் மெக்கன்ஸி. 1783இல் மெட்ராஸுக்கு வந்து, திப்பு சுல்தான் விழுந்த பிறகு மைசூர் முழுவதையும் அளந்து, 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். நிலத்தை அளக்கப் போன இடமெல்லாம் ஓலைச்சுவடி, செப்பேடு, கல்வெட்டுப் படி, கைஃபியத்து என்கிற ஊர் வரலாற்றுக் குறிப்பு என்று அள்ளிச் சேர்த்தவரும் அவர்தான். சென்னையில் இருக்கிற அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு அஸ்திவாரமே அவர் சேர்த்த சேகரம். அவர் 1821 மே மாதம் கல்கத்தாவில் இறந்து சவுத் பார்க் ஸ்ட்ரீட்டில் புதைக்கப்பட்டார் என்று படித்திருந்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு எங்கள் துறைப் பெரியவரைப் பார்க்காமல் போவதா?

மனைவியும் வந்தாள். தனியாக விட்டால் நான் சாப்பாட்டு நேரத்தை மறந்துவிடுவேன் என்பது அவள் சொன்ன காரணம்.

மஞ்சள் டாக்ஸி பிடித்தோம். எனக்கு இந்தி அரைகுறை, வங்காளம் சுத்தம். மகன் சொல்லிக் கொடுத்தபடி “பார்க் ஸ்ட்ரீட், கோரொஸ்தான்” என்றேன், கோரொஸ்தான் என்றால் கல்லறைத் தோட்டம். டிரைவர் பலமாகத் தலையாட்டி ஒரு பெரிய வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே போய் நாலைந்து கற்களைப் படித்ததும் சந்தேகம் வந்தது. எல்லாம் 1850, 1870, 1910. எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய காலம். விசாரித்தால், அது லோயர் சர்க்குலர் ரோடு கல்லறை, 1840இல் திறந்ததாம். நான் தேடி வந்தது நடக்கும் தூரத்தில்தான். சரி, தவறி வந்தாலும் வந்தது வீண்போகவில்லை. வங்கக் கவி மைக்கேல் மதுசூதன் தத்தர் அங்கேதான் இருக்கிறார். 1848இலிருந்து எட்டு வருடம் மெட்ராஸில் பள்ளி ஆசிரியராகவும் பத்திரிகைக்காரராகவும் காலம் தள்ளியவர். 1873 ஜூனில், மனைவி ஹென்ரியெட்டா இறந்து மூன்றே நாளில் அவரும் போனார். பக்கத்தில் பக்கத்தில் அடக்கம். மார்பளவுச் சிலைக்கு யாரோ சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். “மூணே நாளா?” என்று என் மனைவி இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் நடந்தோம்.

சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறை, பார்க் ஸ்ட்ரீட்டின் கிழக்கு முனையில், மல்லிக் பஜார் சந்திப்பை ஒட்டி இருக்கிறது. நுழைவுக் கட்டணம் சிறு தொகைதான், யோசிக்க வைக்காது. வெளியே டிராம் தண்டவாளம், பஸ், ஹாரன், பிரியாணி வாசனை. வாசல் தாண்டிப் பத்தடி வைத்ததும் சத்தம் பாதியாகிவிடுகிறது. இருபதடியில் காக்கை கத்துவது கேட்கிறது.

அது எப்படி இருக்கும் என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம். கல்லறை என்றதும் நம் மனதில் வருவது இடுப்பளவு மேடும் ஒரு சிலுவையும். இங்கே சிலுவையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பிரமிடு, ஊசிக் கோபுரம், தூண் மண்டபம், குவிமாடம், கல் ஜாடி இவைதான் எங்கும். ஒவ்வொன்றும் ஒரு மாடி உயரம், சில இரண்டு மாடி உயரம். இரண்டு கல்லறைகளுக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும் என்கிற அளவுக்கு நெருக்கம். ஒரு சின்ன நகரத்தைக் கட்டி, வீடுகளுக்கு வாசல் வைக்க மறந்துவிட்டது போல. சுமார் 1600 கல்லறைகள் இருக்கின்றன. 1767இல் தொடங்கி 1830 வாக்கில் அநேகமாக முடிந்துபோன இடம். அந்தக் காலத்தில் இந்தச் சாலைக்கே ‘பரியல் கிரவுண்ட் ரோடு’ என்றுதான் பெயர். இடுகாட்டுப் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று கேக்குக் கடையும் மதுக்கூடமும் வரிசை கட்டி நிற்கும் தெரு அது.

பார்த்ததும் கருங்கல், பளிங்கு என்று தோன்றும். பெயர்ப் பலகைக் கல் மட்டும்தான் கல், மற்றதெல்லாம் அநேகமாகச் செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. பூச்சு உதிர்ந்த இடத்தில் நம் ஊர்ப் பழைய வீடுகளில் இருக்குமே, அந்த மாதிரி மெல்லிய தட்டைச் செங்கல் தெரிகிறது. ஒரு தூணில் மூலை பெயர்ந்திருந்த இடத்தைக் கிட்டே போய்ப் பார்த்தேன். மேலே வழுவழுவென்று ஒரு மெல்லிய தோல், அதன் கீழே கரகரப்பான கனமான பூச்சு, அதற்கும் கீழே செங்கல். அந்த மேல்தோலை விரலால் தடவினால் இருநூறு வருடத்துக்குப் பிறகும் முட்டை ஓடு மாதிரி இருக்கிறது. எங்கள் தாத்தா வீட்டுத் தூணுக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்து அரைத்த சுண்ணாம்புதான் பூசினார்கள், அதுவும் இதே தொடு உணர்வு. பூசியவர்கள் எல்லாரும் நம் கொத்தனார்களாகத்தான் இருக்க வேண்டும். கிரேக்கக் கோயில் படத்தைக் காட்டி, இப்படிக் கட்டு என்று சொல்லியிருப்பார்கள். அவர்களும் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். சில இடத்தில் தூணின் தலைப்பகுதி கொஞ்சம் தாமரை மாதிரி ஆகிவிட்டது என்பது என் கண்ணுக்குப் பட்டது. நான் கட்டடக்கலை படித்தவன் இல்லை, சும்மா சொல்கிறேன்.

உடனே கண்ணில் படுவது சர் வில்லியம் ஜோன்ஸின் ஊசிக் கோபுரம். இங்கே இருப்பதிலேயே உயரம் அதுதான். 1784இல் ஆசியாவின் வரலாற்றையும் மொழிகளையும் ஆராய ஏசியாடிக் சொசைட்டி என்கிற சங்கத்தை ஆரம்பித்தவர். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்று 1786இல் பேசியவர். 1794இல், 47 வயதில் போய்விட்டார். தன் கல்லறைக்கான வாசகத்தை முன்னதாகத் தானே எழுதி வைத்திருந்தாராம், நீதிபதி அல்லவா, அடுத்தவர் எழுதினால் பிழை வரும் என்று நினைத்திருப்பார். அவர் பேசி முப்பது வருடம் கழித்து, 1816இல் சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் அந்தக் குடும்பம் இல்லை, தனிக் குடும்பம் என்று எழுதிக் காட்டினார். ஜோன்ஸ் இருந்து அதைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அங்கே நின்றுகொண்டு கொஞ்சம் யோசித்தேன். அப்புறம் பழக்கதோஷத்தில், நிழலை வைத்துக் கோபுரத்தின் உயரத்தைக் கணக்குப் போடலாம் என்று என் குடையைத் தரையில் ஊன்றினேன். நிழலைக் குறிப்பதற்குள் மேகம் மூடிவிட்டது.

மனைவி அதற்குள் தனியாகப் போய்விட்டாள். சுடுகாட்டுக்கு வரமாட்டேன் என்றவள்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு மூலையிலிருந்து குரல்: “ஏங்க, இங்க ஒரு கோயில் இருக்கு, வாங்க!”

போய்ப் பார்த்தால் உண்மையிலேயே சின்னக் கோயில் மாதிரிதான் இருந்தது. செதுக்கு வேலை செய்த கல் நிலைப்படி, மேலே சின்ன விமானம். சுற்றிலும் ரோமாபுரித் தூண்கள் நிற்கிற இடத்தில், நடுவே இது ஒன்று. மேஜர் ஜெனரல் சார்லஸ் ஸ்டூவர்ட்டின் கல்லறை. ஊரார் அவருக்கு வைத்த பெயர் ‘ஹிந்து ஸ்டூவர்ட்’. அயர்லாந்தில் பிறந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு வந்தவர். தினமும் காலையில் கங்கைக்கு நடந்து போய்க் குளிப்பார். வுட் ஸ்ட்ரீட்டில் இருந்த தன் வீட்டைச் சிலைகளால் நிரப்பி வைத்திருந்தார். 1828இல் இறந்தபோது அவர் வழிபட்ட சாமிச் சிலைகளையும் கூடவே வைத்துப் புதைத்தார்களாம். அவர் சேர்த்த மற்ற சிலைகள் கப்பலேறி இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நிற்கின்றன. பக்தி இருந்தது, ஆனால் சிலைகளை எல்லா இடத்திலும் கேட்டுத்தான் எடுத்தாரா என்பதில் அந்தக் காலத்திலேயே பேச்சு இருந்திருக்கிறது. இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள்.

“வெள்ளைக்காரப் பெண்கள் கவுனை விட்டுவிட்டுப் புடவை கட்ட வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார்” என்றேன்.

“நல்ல மனுஷன்தான்” என்றாள். அத்தோடு அவளுக்கு இந்த இடத்தின் மேல் இருந்த பயம் போய்விட்டது.

அங்கிருந்து ரோஸ் எய்ல்மரைத் தேடினோம். இங்கே வருகிற பாதிப் பேர் இவளைப் பார்க்கத்தான் வருகிறார்கள் போல. மேலே போகப் போகக் கூம்பிக்கொண்டே திருகிப் போகிற தூண், அதை வைத்துச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். பிரபு குடும்பத்துப் பெண், 1800 மார்ச்சில் இறந்தபோது வயது 20. அன்னாசிப்பழம் அளவுக்கு மீறிச் சாப்பிட்டு வயிறு கெட்டுப் போனாள் என்று அந்தக் காலத்தில் ஒரு கதை உலவியது. காலராவாக இருக்கும் என்பதுதான் எனக்குத் தோன்றுவது. ஊரில் அவள்மேல் பிரியம் வைத்திருந்த கவிஞர் வால்டர் சாவேஜ் லாண்டர் செய்தி கேட்டு எழுதிய எட்டு வரிக் கவிதையை ரொம்பக் காலம் கழித்துக் கல்லில் பதித்திருக்கிறார்கள்.

இதில் ஒரு விசித்திரம். அதே தோட்டத்தில் சார்லஸ் டிக்கன்ஸின் மகனுடைய கல்லும் இருக்கிறது. அந்தப் பையனின் பெயர் வால்டர் லாண்டர் டிக்கன்ஸ், தன் நண்பரான இதே கவிஞரின் பெயரைத்தான் டிக்கன்ஸ் மகனுக்கு வைத்தார். ராணுவத்தில் சேர்ந்து கடன் பட்டு, உடம்பு கெட்டு, ஊர் திரும்பும் வழியில் 1863ஆம் வருடத்தின் கடைசி நாளில் கல்கத்தாவில் இறந்தான். வயது 22. ஆனால் புதைத்தது இங்கே இல்லை, பவானிப்பூர் ராணுவக் கல்லறையில். 1987இல் கல்லை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறார்கள். சர்வேக் கல்லை இடம் மாற்றினால் என் காலத்தில் கேஸ் போடுவோம். இந்தக் கல்லுக்கு அடியில் ஆள் இல்லை, ஆள் இருக்கிற இடத்தில் கல் இல்லை. ஒரு பெண் பிள்ளை அதற்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமா என்று பார்த்தேன், விட்டுவிட்டேன்.

வயதைச் சொன்னேன் அல்லவா, இந்த இடத்தின் முக்கியமான விஷயமே அதுதான். கற்களை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் பெயரை விட்டுவிட்டு வயதை மட்டும் படிக்க ஆரம்பித்துவிடுவோம். 19, 23, 21, 26, 18. கல்யாணமாகி வந்து ஒரு வருடத்தில் பிரசவத்தில் போனவள், பக்கத்திலேயே அந்தக் குழந்தை. கம்பெனியில் ‘ரைட்டர்’ வேலைக்கு, அதாவது குமாஸ்தா வேலைக்கு, பதினாறு பதினேழு வயதில் கப்பலேறியவன், இருபது தாண்டவில்லை. இங்கே வெள்ளைக்காரனுக்கு ஆயுள் இரண்டு மழைக்காலம் என்று அவர்களுக்குள் ஒரு பழமொழி இருந்தது. மலேரியா, காலரா, சீதபேதி. பல கற்களில் வயதை வருடம், மாதம், நாள் என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு நாள் கணக்கு மட்டும். அப்படி ஒரு சின்னக் கல்லின் முன்னால், எழுத்து பாதி மறைந்துபோன கல், என் மனைவி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கல்லின் அடியில் முளைத்திருந்த பூண்டைக் கிள்ளிக் கிள்ளி ஓரமாகப் போட்டாள். “படிச்சுச் சொல்லுங்க” என்றாள். இரண்டு எண்கள்தான் தெரிந்தன. எங்கள் மூத்தது பிறந்து பதினோரு நாள் இருந்தது, 1984இல். அதைப் பற்றி நாங்கள் பேசி எத்தனையோ வருடம் ஆகிறது, அன்றைக்கும் பேசவில்லை.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைக்காரனுக்கு அழுதுவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும். இந்தத் தோட்டம் திறந்தது 1767. மூன்று வருடம் கழித்து, 1770இல், வங்காளத்தில் பஞ்சம். ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கு செத்துப்போனதாகக் கம்பெனியின் கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸே எழுதியிருக்கிறார். அந்த வருடமும் கம்பெனி வரியை விடவில்லை. அப்படிச் செத்தவர்களில் ஒருவருக்கும் எங்கேயும் கல் கிடையாது. இங்கே பிரமிடுக்குள் தூங்குகிறவர்களில் சிலர் அந்த வரியை எண்ணி எழுதியவர்களாகக்கூட இருக்கலாம். எங்கள் துறையும் அதே வேலைக்காகப் பிறந்த துறைதான், நிலத்தை அளந்தது தீர்வை போடத்தான். இதெல்லாம் தெரிந்தேதான் நான் அந்தக் குழந்தைக் கல்லின் முன்னாலும் நின்றேன். இரண்டும் சேர்ந்துதான் இந்த இடம்.

சரி, மெக்கன்ஸி.

கிடைக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் தேடினேன். முழுத் தவறும் என்னுடையது. எந்த வரிசை, என்ன வடிவம் என்று எதுவும் விசாரித்துக்கொள்ளாமல், போனால் கிடைத்துவிடும் என்று போனேன். ஒரு கிராமத்தில் சர்வே எண் தெரியாமல் புலத்தைத் தேடக் கூடாது என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! கடைசியில் வேறு வழியில்லாமல் முறைப்படி இறங்கினேன். ஜோன்ஸ் கோபுரத்தை நிலைப்புள்ளியாக வைத்துக்கொண்டு, பாதைகளை அடிக்கோடாக எடுத்து, காலடியால் அளந்து, பையில் இருந்த பேரனின் கட்டம் போட்ட நோட்டில் ஒரு கச்சா புலப்படம் போட்டேன். என் நடை எழுபத்தைந்து சென்டிமீட்டர், அது இன்னும் மாறவில்லை. ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை. எழுத்து தெரிகிற கல்லுக்கு ஒரு புள்ளி, தெரியாததற்கு ஒரு வட்டம். பாசி படிந்த கற்களில் பக்கவாட்டில் செல்போன் டார்ச் அடித்தால் எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும், இது கல்வெட்டு பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. தண்ணீர் ஊற்றாதீர்கள், நகத்தால் சுரண்டாதீர்கள், சாக்குக்கட்டி தேய்க்கவே தேய்க்காதீர்கள், கல் போய்விடும். டார்ச் போதும். அந்த வித்தையில் ராபர்ட் கிட் கிடைத்தார். ஷிப்பூரில் இருக்கிற பெரிய தாவரவியல் தோட்டத்தை 1787இல் தொடங்கியவர். தன்னைத் தன் தோட்டத்திலேயே புதைக்கச் சொல்லியிருந்தார் என்கிறார்கள். கேட்கவில்லை, இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். திபெத்துக்குத் தூது போன ஜார்ஜ் போகிளும் இங்கேதான், 1781. மேற்குப் பக்கம் டெரோசியோ. அவர் இருபத்திரண்டு வயதில் காலராவில் போனார். பதினேழு வயதில் ஹிந்து காலேஜில் வாத்தியார் ஆகி, மாணவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்து, அதற்காகவே 1831இல் வேலை போய், அந்த வருடமே டிசம்பரில் இறந்தார். இங்கே இருப்பவர்களில் வங்காளிகள் இன்றும் நம்ம ஆள் என்று சொந்தம் கொண்டாடுவது இவரைத்தான்.

மெக்கன்ஸி மட்டும் இல்லை. வட்டங்களில் ஏதோ ஒன்றாக இருப்பார்.

தேடிக்கொண்டே யோசித்தேன். மெக்கன்ஸிக்கு நம் பாஷைகள் எதுவும் ஒழுங்காகத் தெரியாது, அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். சுவடிகளைத் தேடிப் படித்துச் சொன்னவர்கள் காவலி வெங்கட போரய்யாவும் அவர் தம்பி லட்சுமய்யாவும் இன்னும் பலரும். ஊர் ஊராக நடந்தவர்கள் அவர்கள். போரய்யா 1803இலேயே இறந்துவிட்டார், மெக்கன்ஸியின் வேலைக்கு வழி போட்டுக் கொடுத்ததே அவர்தான். மெக்கன்ஸி இறந்த பிறகு அந்தச் சேகரத்துக்காகக் கம்பெனி அவர் மனைவியிடம் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தது. என் சர்வீஸில் எனக்குச் சங்கிலி பிடித்த ஆட்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். எந்த எஃப்.எம்.பி.யிலும், அதாவது புல அளவைப் புத்தகத்திலும், கையெழுத்துப் போடுகிற இடத்தில் அவர்கள் பெயர் இல்லை, என் பெயர்தான் இருக்கும்.

இனி போகிறவர்களுக்குச் சில விவரம். டிசம்பர், ஜனவரி நல்லது. மழைக்காலத்தில் நடைபாதையெல்லாம் பாசி, வழுக்கிவிடும் என்று வாசலில் டீ விற்கிறவர் சொன்னார். பிப்ரவரியிலேயே கொசு தாங்கவில்லை, பகல் கொசு, முழங்காலுக்குக் கீழேதான் வேலை காட்டும். பேண்ட் போட்டுக்கொண்டு போங்கள், ஓடோமாஸ் தடவிக்கொள்ளுங்கள். வேட்டியில் போன என் கதை வேண்டாம். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். காலையில் திறந்ததும் போய்விட்டால் கிழக்கு வெயில் சாய்வாக விழுந்து எழுத்துகள் நன்றாகத் தெரியும். மதியத்துக்கு மேல் காதல் ஜோடிகள் வரத்தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு குவிமாடத்துக்குப் பின்னாலும் ஒரு ஜோடி. என் மனைவி முதலில் முகம் சுளித்தாள், பிறகு, “பாவம், வீட்ல இடம் இருக்காது” என்றாள். பேய்க் கதை கேட்க வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இரண்டு கீரிப்பிள்ளை பார்த்தோம், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று போகாதீர்கள், அரை நாள் வேண்டும். முக்கியமாக, யார் யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் பக்கம் என்று வீட்டிலேயே குறித்துக்கொண்டு போங்கள்.

பசித்தால் கவலை இல்லை, வெளியே வந்தால் மல்லிக் பஜார் பிரியாணி, பார்க் ஸ்ட்ரீட்டில் ரோல். நாங்கள் சைவம். வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு பார்க் ஸ்ட்ரீட்டிலேயே மெட்ரோ வரைக்கும் நடந்தோம், ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். அந்தத் தெருவின் மறுமுனையில், ஒன்றாம் எண்ணில், ஜோன்ஸ் தொடங்கிய ஏசியாடிக் சொசைட்டி இன்றைக்கும் நடக்கிறது. தெருவின் ஒரு தலையில் அவர் தொடங்கிய சங்கம், மறு தலையில் அவர். நடுவில் வுட் ஸ்ட்ரீட் முனையைத் தாண்டினோம், ஸ்டூவர்ட் வீட்டில் சிலைகளோடு குடியிருந்த தெரு. இந்திய சர்வே துறையின் அலுவலகம் இப்போது அந்தத் தெருவில்தான் இருக்கிறது. உள்ளே போய் மெக்கன்ஸி கல்லறை எந்த வரிசை என்று கேட்கலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். மணி நாலு ஆகிவிட்டது. ரிட்டயர்டு ஆள் வந்து சர்வேயர் ஜெனரல் எங்கே என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்?

வீட்டுக்கு வந்ததும் மனைவி எங்கள் இரண்டு பேரையும் வாசலிலேயே நிறுத்தி, மருமகளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் காலைக் கழுவி, பிறகு தலைக்குக் குளித்தபின்தான் பேரனைத் தொடவிட்டாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் குளிக்கக் கூடாதே என்று கேட்டேன். முறைத்தாள்.

கட்டம் போட்ட நோட்டை மகனிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மேற்கு ஓரத்தில் நான்கு வரிசை இன்னும் பாக்கி, வட்டம் போட்டவை அறுபதுக்கு மேல். டிசம்பரில் லீவில் ஒரு நாள் டார்ச்சோடு போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். ரயிலில் வரும்போது நோட்டைப் போட்டோ எடுத்து வைத்திருந்ததைத் திறந்து பார்த்தேன். ஸ்டூவர்ட் இருக்கிற இடத்தில் என் பென்சில் புள்ளிக்கு மேலே யாரோ நீலப் பேனாவில் சின்னதாகக் கோபுரம் போட்டு, ‘கோயில்’ என்று எழுதியிருந்தார்கள்.